முதுகுக்கு மேலே கை போனாலே ஃபவுலா? ரீபவுண்டில் நடுவர் எதைப் பார்க்கிறார்?

2013 ஜூன் 18, என்பிஏ இறுதிச் சுற்றின் 6-வது ஆட்டம். 3 புள்ளி முன்னிலையில் இருந்த சான் அன்டோனியோ, கோப்பையைத் தொட சில விநாடிகளே பாக்கி. மயாமியின் லெப்ரான் ஜேம்ஸ் எறிந்த பந்து வளையத்தில் பட்டுத் தெறித்தது. அதை எம்பிப் பிடித்த கிறிஸ் போஷ், ரே ஆலனிடம் தர, 5.2 விநாடி மிச்சம் இருக்கையில் ஸ்கோர் சமம். கூடுதல் நேரத்தில் மயாமி வென்றது. அடுத்த ஆட்டத்தில் கோப்பையும் அதற்கே.

ஒரு ரீபவுண்ட் இவ்வளவு செய்யும் என்பதால்தான் வளையத்துக்குக் கீழே அத்தனை இடி, அத்தனை முழங்கை. எல்லா உரசலுக்கும் விசில் ஊதினால் ஆட்டம் நகராது. அப்படியானால் எதற்கு ஊதுவது?

ரசிகர்கள் கத்துவது 'ஓவர் தி பேக்'. விதிப் புத்தகத்தில் அப்படி ஒரு ஃபவுலே கிடையாது! உயரமானவர், முன்னால் நிற்பவரின் தலைக்கு மேலே கை நீட்டிப் பந்தை எடுத்தால், உடல் இடிக்காதவரை தப்பில்லை. ஒருவர் நிற்கும் இடமும் அதற்கு நேர் மேலே உள்ள வெளியும் அவருக்குச் சொந்தம் என்பதே அடிப்படை. தொட்டாரா என்பது கேள்வியல்ல. தொட்டதால் மற்றவர் நின்ற இடத்தை இழந்தாரா என்பதுதான். முன்னால் நின்று மறிப்பவரும் சும்மா விடப்படமாட்டார். பின்பக்கத்தால் தள்ளிக்கொண்டே போனாலோ, பின்னால் இருப்பவரின் கையைக் கொக்கி போட்டு இழுத்தாலோ ஃபவுல் அவர் மேல்தான். எம்பியவரின் காலுக்குக் கீழே நுழைவது இன்னும் மோசம், முழங்காலே போய்விடும்.

பலர் கவனிக்காத சிக்கல் ஒன்று. ஷாட் கையை விட்டதும் பந்து எந்த அணியிடமும் இல்லை. எனவே சர்வதேச விதிப்படி, அந்தக் கால்பகுதியில் 4 அணி ஃபவுல் முடிந்திருந்தால், ஷாட் எறிந்த அணியே இடித்தாலும் எதிரணிக்கு 2 ஃப்ரீ த்ரோ.

நடுவரின் கண் பந்தோடு மேலே போனால் கீழே நடப்பது தெரியாது. 2019-20 சீசனில் என்பிஏவில் பயிற்சியாளர் சேலஞ்ச் வந்தது. ஆனால் ஊதாத ஃபவுலை மட்டும் காட்டி அதைக் கேட்க முடியாது. நெருக்கமான ஆட்டங்களின் கடைசி 2 நிமிடத் தவறுகளை என்பிஏ 2015 முதல் மறுநாள் வெளியிடுகிறது. ஸ்கோர் மட்டும் மாறாது.