தோணி வாங்கப் போனோம்

மாடு வாங்கப் போகிறவன் சுழி பார்ப்பான். பல்லைப் பிடித்துப் பார்ப்பான். நாலடி நடக்க விட்டும் பார்ப்பான். வீடு வாங்குகிறவன் பத்திரத்தைப் பார்ப்பான். தோணி வாங்குகிறவன் எதைப் பார்ப்பது? நீச்சலே தெரியாத நான் இந்தக் கேள்விக்கு விடை தேடி அலைவேன் என்று கனவிலும் கருதியதில்லை.

என் சகோதரியின் மகன் அமெரிக்காவின் வடகிழக்குக் கோடியிலுள்ள மெய்ன் மாகாணத்தில் உத்தியோகம் பார்க்கிறான். சென்ற ஆண்டு கோடையில் அவன் வீட்டில் ஒரு மாதம் தங்கியிருந்தேன். எங்கு திரும்பினாலும் ஏரியும் ஆறும் காடுமாயிருக்கும் பிரதேசம் அது. ஒரு நாள் அவன், "மாமா! மரத்தாலும் கித்தானாலும் கையால் கட்டிய கனூ ஒன்று விலைக்கு வருகிறதாம். குழந்தையை ஏரிக்கு அழைத்துப் போகலாம். நீங்களும் வந்து பாருங்கள்" என்றான். ஐந்து வயதுப் பெண் குழந்தை அப்போதே துடுப்புக்குப் பதிலாக அகப்பையை எடுத்துக் கொண்டு வாசலில் நின்றது.

கனூவின் பூர்வோத்தரத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். அங்கே ஆதிக் குடிகளான பெனாப்ஸ்காட் மக்கள் பர்ச் மரத்தின் பட்டையை உரித்துத் தோணி கட்டினார்கள். காஷ்மீரத்துப் பண்டிதர்கள் ஏடு எழுதிய பூர்ஜ பத்திரம் இருக்கிறதல்லவா? அந்த மரத்தின் ஒன்றுவிட்ட சகோதரம்தான் இது. மகாத்மா காந்தி படித்துப் போற்றிய சட்டமறுப்புக் கட்டுரையை 1849-ல் வெளியிட்ட தோரோ, 1857-ல் ஜோ போலிஸ் என்னும் பெனாப்ஸ்காட் வழிகாட்டியுடன் மெய்ன் காடுகளில் பிரயாணம் செய்தது இத்தகைய பட்டைத் தோணியில்தான். பிறகு, 1870-களிலும் 80-களிலும், பாங்கர் நகரத்தைச் சுற்றியிருந்த தச்சர்கள் பட்டைக்குப் பதிலாகக் கித்தானைப் போர்த்தத் தொடங்கினார்கள். உருவம் ஆதிக் குடிகளுடையது. சட்டை மட்டும் புதிது.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மெய்னில் ஓல்டு டவுன் கம்பெனியும், கனடாவில் செஸ்ட்நட், பீட்டர்பரோ கம்பெனிகளும் இத்தோணிகளை ஏராளமாகச் செய்து விற்றன. 1945-க்குப் பிறகு அலுமினியம் வந்தது, பின்பு கண்ணாடி நார் வந்தது, பிளாஸ்டிக்கும் வந்தது. பீட்டர்பரோ கம்பெனி 1960-களின் ஆரம்பத்திலும், செஸ்ட்நட் 1970-களின் இறுதியிலும் மூடப்பட்டன. இன்று மரமும் கித்தானும் கொண்டு தோணி கட்டுகிறவர்கள் பெரும்பாலும் சிறு கொட்டகைகளில் தனியாக வேலை செய்யும் தொழிலாளிகளே.

நாங்கள் பார்க்கப் போன கனூ 17 அடி நீளம். பச்சை வர்ணம் புதிதாகப் பூசிக் கல்யாணப் பெண் போல் பளபளவென்று நின்றது. மருமான் அந்த நிமிஷமே மயங்கிவிட்டான். பையிலிருந்து பணத்தை எடுக்கப் போனவனை நான்தான் தடுத்து, "பக்கத்து ஊரில் தொழில் தெரிந்த ஒருவர் இருக்கிறார் என்றாயே, அவர் ஒரு தடவை பார்க்கட்டும்" என்றேன். சொந்தக்காரர் முகம் சற்றுச் சுருங்கிற்று.

வந்தவர் எழுபது வயதுக் கிழவர். வர்ணத்தை அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நேரே இரண்டு முனைகளுக்கும் போய், உட்புறம் குனிந்து, சட்டைப் பையிலிருந்த ஊசியால் மரத்தை மெல்லக் குத்தினார். ஒரு முனையில் ஊசி நிற்கவில்லை. வாழைத் தண்டில் இறங்குவது போல் இறங்கிற்று. "தோணியைக் கவிழ்த்துத் தரையில் போட்டு வைத்திருக்கிறார்கள். முனைகள்தான் மண்ணின் ஈரத்தைக் குடிக்கும். மேல் விளிம்புச் சட்டங்களின் நுனியும் அங்கேதான் முதலில் மக்கும்" என்றார். பிறகு விலாச் சட்டங்களை ஒவ்வொன்றாகத் தடவினார். மூன்று முறிந்திருந்தன. மருமானின் முகத்தில் ஈயாடவில்லை.

"அப்படியானால் இது உதவாதா?" என்று கேட்டேன்.

"உதவாது என்று யார் சொன்னது? விலைதான் உதவாது" என்று சொல்லி, எங்களைத் தம் கொட்டகைக்கு அழைத்துப் போனார்.

அங்கே கனூவின் வடிவில் ஒரு கனத்த மர அச்சு கவிழ்ந்து கிடந்தது. அதன்மேல் வரிவரியாக இரும்புப் பட்டைகள். வெள்ளை ஸீடர் மரச் சட்டங்களை நீராவியில் வேகவைத்து, சூடு ஆறுமுன் அந்தப் பட்டைகளின் மேல் வளைப்பார்கள். அதற்கு மேல் அங்குலத்தில் ஆறில் ஒரு பங்கு கனமே உள்ள பலகைகளைப் பொருத்திப் பித்தளை ஆணி அடிப்பார்கள். ஆணியின் நுனி இரும்பில் மோதி மடிந்து, மரத்தையே திரும்பக் கடித்துக் கொள்ளும். பிறகு அச்சிலிருந்து கழற்றிக் கித்தானை இழுத்துப் போர்த்தி, எண்ணெயும் நுண்பொடியும் கலந்த பூச்சைத் தேய்த்து நெசவின் கண்களை அடைப்பார்கள். அது இறுகவே பல வாரங்கள் வேண்டும். அப்புறந்தான் வர்ணம்.

இதில் ஒரு சூட்சுமம் உண்டு. பித்தளைப் பாத்திரத்துக்கு ஈயம் தேய்ந்தால் நாம் மறுபடி பூசிக் கொள்வதில்லையா? அது போலக் கித்தான் நைந்தால் உரித்துவிட்டு வேறு போர்த்தலாம். முறிந்த விலாவை எடுத்துவிட்டுப் புதியது வைக்கலாம். மக்கிய முனையை வெட்டி நல்ல மரத்தை ஒட்டலாம். பிளாஸ்டிக் தோணி விலை குறைவு. பாறையில் மோதினாலும் தாங்கும். பராமரிப்பும் அதிகம் வேண்டாம். ஆனால் ஒரு நாள் வெடித்தால் அதைப் பழையபடி ஆக்குவது அரிது.

வாங்குகிறவர்களுக்குக் கிழவர் சொன்ன இலக்கணம் இது. இருவரும் மூட்டையும் போக 16 அல்லது 17 அடி வேண்டும். எடை சுமார் 70, 80 ராத்தல் இருக்கும்; ஏரிக்கு ஏரி தோளில் சுமந்து நடக்க வேண்டியவர்கள் அதை முதலில் தூக்கிப் பார்க்க வேண்டும். அமைதியான ஏரியில் குழந்தைகளுடன் போகிறவர்களுக்கு அகன்று தட்டையான அடிப்பாகம் நல்லது. அலையிலும் வேகமான ஆற்றிலும் போகிறவர்களுக்குச் சற்று உருண்ட அடியும் உயர்ந்த முனைகளும் நல்லவை. அடியில் நீளக் கட்டை இருந்தால் ஏரியில் நேராகச் செல்லும். ஆற்றிலோ பாறையில் இடறும். பழைய வர்ணத்திலும் பூச்சிலும் ஈயம் இருக்கக்கூடும். அதைச் சுரண்டும் தூசி குழந்தைகளுக்கு விஷம்.

கடைசி வாக்கியத்தைக் கேட்டதும் மருமான் அகப்பையுடன் நின்ற குழந்தையை நினைத்துக் கொண்டான் போலும். வெகுநேரம் பேசவில்லை. புதுக் கனூ என்றால் சில ஆயிரம் டாலர். அவ்வளவு பணம் அவனிடம் இல்லை. பிளாஸ்டிக் தோணி என்றால் மறுநாளே ஏரியில் இறங்கலாம். கடைசியில், "இதையே வாங்குகிறேன். சுரண்டுவது முதல் எல்லாம் நீங்களே உங்கள் கொட்டகையில் செய்து கொடுங்கள்" என்றான். சொந்தக்காரரும், ஊசி குத்திய இடத்தைப் பார்த்துவிட்டு, விலையைப் பாதியாக்கினார். அந்தக் கோடையில் தோணி இல்லை. குழந்தை இரண்டு நாள் அழுதது.

இந்த ஆண்டு ஆனி மாதத்தில் கடிதம் வந்தது. முனையில் பதித்திருந்த எண்ணைக் கொண்டு ஓல்டு டவுன் கம்பெனியின் பழைய பதிவைத் தேடிப் பார்த்தானாம். நான் பிறப்பதற்கு முன்பே கட்டிய தோணியாம். மழைக் காலத்தில் அதைத் தரையில் வைக்காமல் மரக் குதிரைகளின் மேல், கூரையின் கீழ், காற்றோட்டமாக வைக்கப் போகிறானாம். கடிதத்தின் அடியில் குழந்தை தன் கையால் ஒரு வரி எழுதியிருந்தது: "தாத்தா, தோணி நனைந்தது, நான் நனையவில்லை."

அடுத்த தடவை போவதற்குள் நீச்சல் கற்றுக் கொள்ள வேண்டும் என்று தீர்மானித்திருக்கிறேன்.