வீடு திரும்பிய பின்னர்...

சத்திரசிகிச்சைக்காகக் கடல் கடந்து தமிழகம் செல்வது திருகோணமலை மக்களுக்குப் புதிதன்று. 1900இல் ஐடா ஸ்கடர் வேலூரில் தொடங்கிய மருத்துவமனையும், 1983இல் சென்னையில் திறக்கப்பட்ட அப்பலோவும் பாலையூற்றிலும் பலர் அறிந்த பெயர்களே. ரொறன்ரோவிலும் இலண்டனிலும் வாழும் பிள்ளைகள் செலவைப் பகிர்ந்துகொள்கின்றனர். பெரிய காரியம்தான். ஆயினும், பெற்றவர் வீடு திரும்பியதும் கடமை முடிந்தது என்று எண்ணுவதை என்னால் ஏற்க முடியவில்லை.

இருதயத்தில் உலோக வால்வு பொருத்தப்பட்டவரை எடுத்துக்கொள்வோம். அவர் வாழ்நாள் முழுவதும் வார்பரின் குளிசை உட்கொள்ள வேண்டும். ஐ.என்.ஆர். எனும் குருதிச் சோதனையைப் பார்த்தே மருத்துவர் அதன் அளவைத் திருத்துவார். அளவு கூடினால் குருதிப்பெருக்கு ஏற்படலாம். குறைந்தால் குருதி உறைந்து பாரிசவாதம் வரலாம். கீரையைக்கூட ஒருநாள் மிகுதியாகவும் மறுநாள் அறவே இல்லாமலும் உண்ணலாகாது. இந்தியாவில் வாங்கிய குளிசையின் வணிகப் பெயர் இங்கே வேறாக இருக்கக்கூடும். மருந்தின் பொதுப்பெயரை எழுதி வைத்திருத்தல் அவசியம்.

ஊர் திரும்பிய முதல் வாரத்திலேயே, அங்கு தந்த மருத்துவ அறிக்கையுடன் திருகோணமலை மாவட்டப் பொது வைத்தியசாலையின் கிளினிக்கில் காட்ட வேண்டும். அரச வைத்தியசாலையில் சிகிச்சை இலவசம். கூட்டிச்செல்லத்தான் ஆள் வேண்டும். பிள்ளைகள் முறைவைத்து விடுப்பெடுத்து வந்து நிற்கலாம். இயலாதோர், கூடவிருந்து பார்க்கும் உறவினரின் உழைப்புக்கு ஊதியம் கொடுக்கலாம். அதில் கூச்சப்பட ஏதுமில்லை.

சத்திரசிகிச்சைக்குப் பணம் சேர்க்கும்போதே, அடுத்த ஆறு மாதப் பராமரிப்பையும் அதே கணக்கில் சேருங்கள்.