தகவல் வராவிட்டால் அதுவே எச்சரிக்கை: குற்றால அருவிகளின் வெள்ள முன்னெச்சரிக்கை பற்றி எங்கள் நிலைப்பாடு

2024 மே 17 அன்று பழைய குற்றால அருவியில் திடீரெனப் பாய்ந்த வெள்ளம் 17 வயது மாணவர் ஒருவரின் உயிரைப் பறித்தது. 2022 ஆகஸ்டில் பேரருவியில் இதேபோல் பெருகிய வெள்ளத்துக்கு இரண்டு பெண்கள் பலியானார்கள். மலைமேல் கருவிகளை வைத்துக் கணினி மூலம் முன்கூட்டியே எச்சரிக்க வேண்டும் என்ற கோரிக்கை இன்று வலுத்திருப்பது நியாயமானது. நாங்களும் அதை ஆதரிக்கிறோம். ஆனால் கருவி வாங்கி மாட்டுவதோடு வேலை முடிந்துவிடாது. உயிர் காக்கும் கணினி அமைப்பு, தான் பழுதாகும் நேரத்திலும் மனிதரைக் காப்பாற்றும்படி வடிவமைக்கப்பட வேண்டும். மலையிலிருந்து தகவல் வரவில்லை என்றால் அருவியில் ஆபத்து என்றே அது முடிவெடுக்க வேண்டும். இதுவே எங்கள் நிலைப்பாடு.

குற்றாலத்தில் நீர் வரும் வழி மிகக் குறுகியது. மேலே கொட்டும் மழை தேனருவி, செண்பகாதேவி அருவி வழியாகப் பொங்குமாங்கடலில் விழுந்து பேரருவியாக இறங்குவதற்கு அதிக நேரம் ஆவதில்லை. அந்த நேரத்தில் கீழே இளவெயிலோ சாரலோ மட்டும் இருக்கலாம். குளிப்பவர்களுக்கு எதுவும் தெரியாது. தண்ணீர் கலங்குவதையும் பாதுகாப்பு வளைவைத் தாண்டி விழுவதையும் பார்த்துக் காவலர்கள் கூட்டத்தை வெளியேற்றுகிறார்கள். அந்தக் கண்காணிப்பு பல உயிர்களைக் காத்திருக்கிறது. ஆயினும் கண்ணுக்குத் தெரியும்போது வெள்ளம் தலைக்கு மேல் வந்திருக்கும். மேலே மழைமானியும் நீர்மட்டமானியும் இருந்தால் சில நிமிடங்கள் கூடுதலாகக் கிடைக்கும். அந்த நிமிடங்களோ மின்கலம், வானொலி இணைப்பு, கணினி, சைரன் என்று ஒரு சங்கிலியையே நம்பியிருக்கின்றன. இடி, மண்சரிவு, அடித்துவரும் மரங்கள் என அந்தச் சங்கிலியை அறுக்கக்கூடியவை அனைத்தும் வெள்ளத்தோடு சேர்ந்தேதான் வருகின்றன.

இது வெறும் கற்பனை அச்சம் அல்ல. 2021 ஜூலை 14 அன்று ஜெர்மனியின் ஆர் பள்ளத்தாக்கில் வெள்ளம் ஏறியபோது, அல்டெனார் என்ற ஊரிலிருந்த நீர்மட்டமானியையே ஆறு அடித்துச் சென்றது. வெள்ளம் உச்சத்தைத் தொடுமுன்பே அளவுகள் வருவது நின்றுவிட்டது. மின்சாரமும் கைபேசித் தொடர்பும் பல இடங்களில் அறுந்தன. அந்தப் பள்ளத்தாக்கில் மட்டும் 130-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். தொழில்நுட்பத்தில் முன்னணியில் நிற்கும் ஒரு நாட்டிலேயே, மிகவும் தேவைப்பட்ட நேரத்தில் கருவி ஊமையானது.

இதற்கான தீர்வு நம் ஊருக்குப் புதிதல்ல. 1904-இல் செங்கோட்டை வழியாகக் கொல்லத்தோடு இணைந்த நம் ரயில் பாதையைப் போன்ற பாதைகளில், கைகாட்டியை இயக்கும் கம்பி அறுந்தால் கை தானாகவே ‘நில்’ நிலைக்குத் திரும்பும்படி அமைத்திருந்தார்கள். பின்னாளில் வந்த தண்டவாள மின்சுற்றும் அப்படித்தான்: தண்டவாளத்தில் ரயில் நின்றாலும் சரி, கம்பி துண்டானாலும் சரி, சிக்னல் சிவப்பாகும். அருவியிலும் இதே விதி வேண்டும். மலைமேல் உள்ள கருவி ஒவ்வொரு நிமிடமும் ‘நிலைமை சரி’ என்று செய்தி அனுப்ப வேண்டும். அந்தச் செய்தி குறித்த நேரத்தில் வராவிட்டால், அருவிக்கரையில் தனி மின்கலத்தில் இயங்கும் சிவப்பு விளக்கும் சைரனும் யாருடைய கட்டளைக்கும் காத்திராமல் இயங்க வேண்டும்.

அப்படியென்றால் அடிக்கடி பொய் எச்சரிக்கை எழும், மக்கள் அதைப் பொருட்படுத்தமாட்டார்கள், சீசனை நம்பியிருக்கும் வியாபாரிகளின் பிழைப்பு கெடும் என்பார்கள். இது கனமான ஆட்சேபம். 1985 முதல் 1987 வரை தெராக்-25 என்ற கதிர்வீச்சுச் சிகிச்சை இயந்திரம் ஆறு நோயாளிகளுக்கு அளவுக்கு மீறிய கதிர்வீச்சைப் பாய்ச்சியது. பொருள் விளங்காத பிழைச் செய்திகள் தினமும் வந்துகொண்டிருந்ததால், இயக்கியவர்கள் அவற்றைத் தாண்டிச் செல்லப் பழகியிருந்தார்கள். எனவே ஒரே கருவியை நம்பாமல், தனித்தனி இடங்களில் மூன்று கருவிகள் வைக்க வேண்டும். இரண்டு ஆபத்து என்றால் அருவி மூடப்படும். ஒன்று மட்டும் பேசாமல் போனால் அதை ஆபத்துக்கு விழுந்த ஒரு வாக்காகக் கணக்கிட்டு, பழுதுபார்ப்பவரை உடனே அழைக்க வேண்டும். கருவிகள் பராமரிக்கப்படும்வரை தேவையற்ற மூடல் அரிதாகவே நேரும். ஒரு மணி நேர மூடலால் வரும் நட்டத்தை ஈடுகட்டலாம். ஓர் உயிரிழப்பை ஈடுகட்ட வழியில்லை. அது நேர்ந்தால் அருவி பல நாள் மூடப்படும் என்பதை வியாபாரிகளும் அறிவார்கள்.

கைபேசியில் குறுஞ்செய்தி அனுப்பினால் போதாதா என்றும் கேட்கிறார்கள். அருவியில் நிற்பவர் கையில் கைபேசி இருப்பதில்லை. அருவி இரைச்சலில் சைரன் ஒலிகூட அமுங்கலாம். அதனால்தான் விளக்கும் வேண்டும் என்கிறோம். கணினி வந்துவிட்டால் காவலர் எதற்கு என்ற எண்ணமும் ஆபத்தானது. தெராக்-25-க்கு முந்தைய இயந்திரங்களில் இருந்த மின், இயந்திரத் தடுப்புகளை நீக்கிவிட்டு மென்பொருளை மட்டும் நம்பியது அந்த விபத்துகளுக்கு முக்கியக் காரணம். கருவி காவலருக்குத் துணை. அவருக்கு மாற்று அல்ல.

மத்தளம்பாறையில் ஸோகோ மென்பொருள் நிறுவனம் இயங்கும் மாவட்டம் இது. மென்பொருள் எழுதும் திறனுக்கு இங்கே பஞ்சமில்லை. எழுதியதைச் சோதிப்பதும், ஆண்டுதோறும் பராமரிப்பதும், யார் பொறுப்பு என்று எழுத்தில் வைப்பதும்தான் நமக்குத் தேவை. வனத்துறை, காவல்துறை, உள்ளாட்சி என்று பொறுப்பு சிதறாமல், மாவட்ட நிர்வாகம் ஒரே அதிகாரியை நியமிக்க வேண்டும். ஒவ்வொரு எச்சரிக்கையும் ஒவ்வொரு பழுதும் பதிவாகி, அந்தப் பதிவு மக்கள் பார்வைக்கு வர வேண்டும். ஆண்டுதோறும் சீசன் தொடங்குமுன் மக்கள் முன்னிலையில் இரண்டு கருவிகளின் இணைப்பைத் துண்டித்துப் பாருங்கள். சிவப்பு விளக்கு எரியவில்லை என்றால், அது சரியாகும்வரை அருவியைத் திறக்காதீர்கள்.