பைக்கு ஏற்ற பிடியா? கைக்கு ஏற்ற பிடியா?

சின்னஞ்சிறு ரிவால்வர். அதற்கு ஒரு கைப்பிடி. அது மரத்தில் இருந்தால் என்ன? ரப்பரில் இருந்தால் என்ன? பலரும் இப்படித்தான் நினைக்கிறார்கள்.

இது பெரிய தவறு!

ரிவால்வர் வாங்குகிறவர் குழலைப் பார்க்கிறார். விலையைப் பார்க்கிறார். பளபளப்பைப் பார்க்கிறார். பைக்குள் அடங்குமா என்று பார்க்கிறார். தன் கைக்கு அடங்குமா என்று பார்ப்பதில்லை. ஆனால் துப்பாக்கியை மனிதன் அடக்கி ஆளும் இடம் அந்தப் பிடி ஒன்றுதான்.

தொழிலாளிக்குத் தெரியும்

ஓசூர்க்காரர்களுக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. சிப்காட் தொழிற்பேட்டையில் அரம் பிடிக்கும் தொழிலாளியைக் கேட்டால் அவரே சொல்வார். பிடி சிறுத்தால் அரம் ஆடும். பிடி பருத்தால் விரல் மடங்காது. ரோஜாத் தோட்டத்தில் கிளை நறுக்கும் கத்தரிக்கும் இதே கதைதான். கேழ்வரகு அறுக்கும் அரிவாளுக்கும் இதே கதைதான்.

ஒரே ஒரு வித்தியாசம். அரம் நழுவினால் விரலில் காயம். துப்பாக்கி நழுவினால் ஓர் உயிர் போகும். அது வழியில் போகிறவர் உயிராக இருக்கலாம். சொந்தப் பிள்ளையின் உயிராகவும் இருக்கலாம்.

அரைக் கிலோ துப்பாக்கி

2014 ஜனவரியில் கான்பூர் அரசு ஆயுதத் தொழிற்சாலை ஒரு ரிவால்வரை வெளியிட்டது. அதன் பெயர் 'நிர்பீக்'. 'அச்சமற்றவர்' என்பது பொருள். பெண்களின் பாதுகாப்புக்கு என்று சொல்லி விற்பனைக்கு வந்தது. எடை சுமார் 500 கிராம். கைப்பையில் எளிதாக அடங்கும். அப்போது விலை 1 லட்சத்து 22 ஆயிரம் ரூபாய்க்கு மேல்!

எடை குறைவு என்றதும் பலரும் மகிழ்ந்தார்கள். ஆனால் எடை குறைந்தால் உதை கூடும். ஒகேனக்கலில் பரிசலிலிருந்து கரைக்குத் தாவினால் என்ன ஆகும்? பரிசல் பின்னால் ஓடும். பெரிய படகு என்றால் அவ்வளவு அசையாது. துப்பாக்கியும் அப்படித்தான். குண்டு முன்னே பாயும். துப்பாக்கி பின்னே உதைக்கும். ஒரே வகைத் தோட்டாவைச் சுட்டால், எடை குறைந்த துப்பாக்கிதான் அதிகமாகத் துள்ளும்.

2023 ஆகஸ்டில் அதே கான்பூரிலிருந்து 'பிரபல்' என்ற ரிவால்வர் வந்தது. அதன் எடை தோட்டா இல்லாமல் 700 கிராம். அதுவும் சிறியதுதான். இத்தகைய துப்பாக்கிகளின் உதையைத் தாங்க வேண்டியது எது? கைப்பிடிதான்.

சுண்டு விரல் எங்கே?

1950-ல் அமெரிக்காவின் ஸ்மித் அண்டு வெஸ்ஸன் கம்பெனி ஐந்து தோட்டாக்கள் கொள்ளும் குட்டி ரிவால்வர் ஒன்றைக் கொண்டு வந்தது. பையில் வைக்க வாட்டமாகப் பிடியையும் குட்டியாகச் செய்தார்கள். பெரிய கை உள்ளவர் பிடித்தால் சுண்டு விரலுக்கு இடமில்லை. அது அந்தரத்தில் தொங்கியது. குட்டிப் பிடிகளில் இந்தக் குறை இன்றும் உண்டு.

சுண்டு விரல்தானே என்று அலட்சியம் செய்யக்கூடாது. அதற்கு இடமில்லாவிட்டால் இரண்டே விரல்கள்தான் துப்பாக்கியை இறுக்கிப் பிடிக்கும். கட்டை விரல் துணைக்கு நிற்கும். ஆட்காட்டி விரலுக்கு விசையை அழுத்தும் வேலை. முதல் குண்டு போனதும் துப்பாக்கி கைக்குள் புரண்டுவிடும். அடுத்த குண்டு எங்கே போகும் என்று சுட்டவருக்கே தெரியாது.

பிடி மிகப் பெரிதாக இருந்தாலும் ஆபத்துதான். சிறிய கை உள்ள பெண்களுக்கு விசை எட்டாது. விசையை எட்டிப் பிடிக்கக் கையைத் திருப்பினால் குறி தப்பும். பிரபல் போல உருளை பக்கவாட்டில் திறக்கும் ரிவால்வரில் இன்னொரு சிக்கலும் உண்டு. இடது பக்கப் பிடி பருத்திருந்தால் காலித் தோட்டாக்கள் அதில் தட்டி நின்றுவிடும்.

மரமா? ரப்பரா?

வழவழப்பான மரப்பிடி பையிலிருந்து சுலபமாக வெளியே வரும். ஆனால் வியர்த்த கையில் வழுக்கும். ரப்பர் பிடி உதையைத் தாங்கும். கையைவிட்டு நழுவாது. ஆனால் துணியையும் விடாது! இழுத்தால் பையின் உள்துணியும் கூடவே வரும்.

இரண்டுக்கும் நடுவழி ஒன்று உண்டு. பக்கவாட்டில் கட்டம் கட்டமாகச் செதுக்கிய மரப்பிடி அது. விளிம்புகள் மழுங்கியிருக்க வேண்டும். மூன்று விரல்களுக்கும் இடம் இருக்க வேண்டும். பெரும்பாலோருக்கு அதுவே போதும்.

தந்தப் பிடி வேண்டும் என்று ஆசைப்படுவோரும் உண்டு. ஓசூர்க் காடுகளில் யானைகள் உலவுகின்றன. அந்த யானையைக் கொன்று எடுத்த தந்தத்தை வாங்குவதும் விற்பதும் 1972-ம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். அழகுக்காகச் சிறைக்குப் போக வேண்டுமா?

பட்டறைக்குக் கொண்டு போகலாமா?

ஓசூரில் கைதேர்ந்த கடைசல்காரர்கள் இருக்கிறார்கள். எதைக் கொடுத்தாலும் கச்சிதமாகச் செய்து தருவார்கள். அதற்காக ரிவால்வரை லேத் பட்டறையில் கொடுக்கலாமா?

கூடவே கூடாது! 1959-ம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி, துப்பாக்கியைப் பழுது பார்ப்பதற்கும் உரிமம் வேண்டும். பிடியை மாற்ற விரும்புகிறவர் உரிமம் பெற்ற துப்பாக்கிக் கடைக்குத்தான் போக வேண்டும். தோட்டாக்களை எடுத்துவிட்டு, கடைக்காரர் முன்னாலேயே பிடித்துப் பார்க்க வேண்டும். மூன்று விரல்களும் பதிகின்றனவா? ஆட்காட்டி விரலின் நுனிச் சதை விசைக்கு எட்டுகிறதா? இரண்டுக்கும் 'ஆம்' என்றால் அதுவே சரியான பிடி.

யானை வாங்கியவர் அங்குசத்துக்குக் கணக்குப் பார்க்கலாமா?

பை மட்டும் போதாது

"பெரிய பிடி போட்டால் பை புடைக்கும். எல்லோருக்கும் தெரிந்துவிடும். எனக்குச் சின்னப் பிடியே போதும்" என்பார் ரொக்கம் கொண்டு போகும் வியாபாரி. அவர் சொல்வதிலும் நியாயம் உண்டு. வெளியே தெரியும் துப்பாக்கி, வம்பை விலைக்கு வாங்கும்.

ஆனால் சட்டம் என்ன சொல்கிறது? 2016-ம் ஆண்டு ஆயுத விதிகளின்படி, பொது இடத்தில் கைத்துப்பாக்கியை அதற்கென்று உள்ள உறையில் கொண்டு போக வேண்டும். அது முழுவதும் மூடியிருக்க வேண்டும். அத்துடன், கொண்டு போகிறவரின் கட்டுப்பாட்டில் இருக்க வேண்டும். மூடினால் மட்டும் போதாது. அடக்கி ஆளவும் தெரிய வேண்டும்!

அறிவும் அதையே சொல்கிறது. சாவியும் சில்லறையும் கிடக்கும் பையில் வெறும் ரிவால்வரைப் போடுவது மூடத்தனம். விசையில் எது மாட்டும் என்று யாருக்குத் தெரியும்? விசையை மூடும் உறை வேண்டும். பையில் துப்பாக்கியைத் தவிர வேறு எதுவும் இருக்கக்கூடாது.

எல்லையோரத்தில் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். ஜூஜூவாடியைத் தாண்டினால் அத்திப்பள்ளி. அது கர்நாடகம். தமிழ்நாட்டுக்கு மட்டும் செல்லும் உரிமத்தை வைத்துக்கொண்டு துப்பாக்கியுடன் எல்லை தாண்டக்கூடாது. உரிமம் எந்த எல்லைவரை செல்லும் என்று படித்துப் பார்த்த பிறகே பெங்களூரு பஸ் ஏற வேண்டும்.

எது சரி?

முதலில் கை. பிறகுதான் பை. கைக்கு ஏற்ற பிடியைப் போட்ட பிறகு ரிவால்வர் பையில் அடங்காவிட்டால், பிடியைக் குறைக்கக்கூடாது. உறையை இடுப்புக்கு மாற்ற வேண்டும். அதுவும் சரிப்படாவிட்டால், வீட்டில் பிள்ளைகளின் கைக்கு எட்டாத இடத்தில், தோட்டாவை எடுத்துவிட்டுப் பூட்டி வைக்க வேண்டும்.

கைக்கு அடங்காத ஆயுதத்தைச் சுமப்பவரைவிட, வெறுங்கையோடு போகிறவர் பத்திரமாக வீடு திரும்புவார்.