ஆகஸ்ட் 1-க்குப் பிறகு வரும் பிள்ளை

வல்லம் வடகாலில் பெண் தொழிலாளர்களுக்காக அரசு கட்டிய விடுதி 2024 ஆகஸ்டில் திறக்கப்பட்டது. செலவு 706 கோடி ரூபாய். 18,720 பேர் தங்கலாம். ஆலைகளுக்கு எத்தனை கைகள் வேண்டும், அவர்கள் எங்கே தூங்குவார்கள் என்று ஸ்ரீபெரும்புதூர் – ஒரகடம் வட்டாரத்தில் இவ்வளவு துல்லியமாகக் கணக்குப் போடத் தெரிந்த அரசுக்கு, அதே வட்டாரத்தில் இருபது முப்பது பிள்ளைகள் படிக்கும் தொடக்கப் பள்ளிக்கு எத்தனை ஆசிரியர் வேண்டும் என்ற கணக்கு மட்டும் ஏனோ இன்னும் பிடிபடவில்லை. தலையை எண்ணி ஆசிரியரை ஒதுக்கும் முறை சின்னப் பள்ளிக்குப் பொருந்தாது. பிழைப்புக்காக ஊர் மாறி வருகிறவர்கள் நிறைந்த இந்த வட்டாரத்துக்குச் சுத்தமாகப் பொருந்தாது.

2009-ஆம் ஆண்டு கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணைப்படி, ஐந்தாம் வகுப்பு வரையுள்ள பள்ளியில் 60 பிள்ளைகள் வரைக்கும் இரண்டு ஆசிரியர்கள். 24 பேர் படிக்கும் பள்ளியில் 12 பேருக்கு ஓர் ஆசிரியர் என்று விகிதம் வரும். கட்டணம் கொட்டிக் கொடுக்கும் தனியார் பள்ளியில்கூடக் கிடைக்காத விகிதம்தான், ஏட்டில். ஆனால் ஆசிரியரின் வேலை தலைகளால் மட்டும் கூடிக் குறைவதில்லை. ஒன்று, இரண்டாம் வகுப்புகளுக்குத் தலா நான்கு பாடம், மூன்று முதல் ஐந்து வரை தலா ஐந்து பாடம்: ஆக 23. பிள்ளைகள் 24 பேரோ 58 பேரோ, இந்த 23 குறைவதில்லை. 2022-இல் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டத்தில் பிள்ளைகள் அரும்பு, மொட்டு, மலர் என்று நிலைவாரியாகப் பிரிந்து உட்காருகிறார்கள். நல்ல யோசனைதான். ஆனால் அரும்புக் கூட்டத்துக்கு அட்டைகளைக் காட்டிக்கொண்டிருக்கும்போது மலர்க் கூட்டத்தின் நோட்டை யார் திருத்துவது? இரண்டு பேரில் ஒருவர் தலைமை ஆசிரியர். எமிஸ் என்னும் இணையத் தளத்தில் பள்ளி விவரப் பதிவு, பள்ளி மேலாண்மைக் குழு, உணவு மேற்பார்வை எல்லாம் அவர் தலையில். இன்னொருவர் பயிற்சிக்கோ தேர்தல் வேலைக்கோ போய்விட்டால் (மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, பேரிடர், தேர்தல் ஆகியவற்றுக்கு அனுப்பச் சட்டத்தின் 27-ஆவது பிரிவே இடம் கொடுக்கிறது) ஈராசிரியர் பள்ளி அன்றைக்கு ஓராசிரியர் பள்ளி.

இதோடு ஆலை வட்டாரத்துக்கே உரிய சிக்கல் ஒன்று சேர்கிறது. ஒடிசா, பீகார், ஜார்க்கண்டிலிருந்து வரும் ஒப்பந்தத் தொழிலாளர்களில் குடும்பத்தோடு வருபவர்களும் உண்டு. வேலை எப்போது கிடைக்கிறதோ அப்போது வருகிறார்கள். வருடத்தின் நடுவில் வந்தாலும் பிள்ளையைச் சேர்த்துக்கொள்ள வேண்டும், வயதுக்கேற்ற வகுப்பில் உட்கார வைக்க வேண்டும், பின்தங்கியிருந்தால் சிறப்புப் பயிற்சி தர வேண்டும் என்கிறது சட்டம். ஆசிரியர் பணியிடமோ ஆகஸ்ட் 1 நிலவரப்படி நிர்ணயிக்கப்படுகிறது. நவம்பரில் வந்து சேரும் ஒன்பது வயதுப் பெண் நான்காம் வகுப்பில் உட்காருவாள். பலகையில் 7 x 8 என்று எழுதினால் விடை சொல்லிவிடுவாள். ‘ஒரு பெட்டியில் 8 பழம் என்றால் 7 பெட்டியில் எத்தனை?’ என்று தமிழில் கேட்டால் பேந்தப் பேந்த விழிப்பாள். அவளுக்குக் கணக்கு தெரியும், கேள்விதான் புரியவில்லை. தினமும் அரை மணி நேரம் அவளோடு உட்கார ஓர் ஆள் இருந்தால் சில மாதங்களில் தேறிவிடுவாள். அந்த ஆள்தான் கணக்கில் இல்லை.

பள்ளியை மூடிப் பக்கத்துப் பெரிய பள்ளியோடு சேர்த்துவிட்டால் என்ன என்று கேட்கிறவர்கள் உண்டு. உத்தரப் பிரதேசம் 2025-இல் அப்படித்தான் உத்தரவு போட்டது. ஒரே தெருவில் இரண்டு பள்ளிகள் இருந்தால் சேர்ப்பதில் தப்பில்லை. ஆனால் வண்டலூர் – வாலாஜாபாத் சாலையில் கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே ஆறு வயதுப் பிள்ளை கடக்க வேண்டிய தூரத்தை ஒரு கிலோமீட்டர் என்று மட்டும் எழுதிவிட்டுப் போக முடியாது. தகப்பன் இரவு ஷிஃப்ட், தாய் கேன்டீனில் வேலை என்றால் கொண்டுபோய் விட ஆளில்லை. பிள்ளை பெரிய பள்ளிக்குப் போகாது, அறையிலேயே தங்கிவிடும்.

கம்பெனிகள் சமூகப் பொறுப்பு நிதியில் உதவுகின்றனவே என்பார்கள். 2013-ஆம் ஆண்டு கம்பெனிச் சட்டப்படி பெரிய நிறுவனங்கள் சராசரி நிகர லாபத்தில் 2 சதவீதத்தை இப்படிச் செலவிட வேண்டும். கழிப்பறையும் ஸ்மார்ட் போர்டும் வரட்டும், வேண்டாம் என்று சொல்வதற்கில்லை. ஆனால் கட்டடத்தில் பெயர்ப் பலகை மாட்டலாம். மாதச் சம்பளத்தில் எங்கே மாட்டுவது? தவிர, ஆசிரியர் நியமனம் நன்கொடையை நம்பி நிற்கவும் கூடாது. நிதி நின்றால் ஆளும் போய்விடுவார்.

செலவுக் கேள்விதான் கனமானது. பள்ளிக்கொரு மூன்றாம் ஆசிரியர் கேட்டால் நிதித்துறை கையெழுத்துப் போடாது; போட வேண்டியதும் இல்லை. அருகருகே உள்ள பள்ளிகளை ஒருங்கிணைக்கும் குறுவள மையத்துக்கு ஒரு நிரந்தர ஆசிரியர் கூடுதலாக இருந்து, நான்கைந்து சின்னப் பள்ளிகளில் முறைவைத்துப் பாடம் நடத்தட்டும். எங்கே ஆசிரியர் விடுப்பில் இருக்கிறாரோ அங்கே முதலில் போகட்டும். அவரோடு ஒடியாவோ இந்தியோ தெரிந்த மொழி உதவியாளர் ஒருவர். இது ஆகாத காரியமில்லை. கேரளத்தின் எர்ணாகுளம் மாவட்டத்தில் 2017-இல் தொடங்கிய ரோஷ்ணி திட்டம் பிள்ளைகளின் தாய்மொழி அறிந்த தன்னார்வலர்களை வைத்தே நடத்தப்பட்டது. நம் பக்கத்துத் திருவள்ளூர் மாவட்டத்துச் செங்கல் சூளைப் பிள்ளைகளுக்கும் ஒடியாவில் பாடம் நடந்திருக்கிறது. கூடவே, ஆகஸ்ட் கணக்கோடு ஜனவரியிலும் ஒரு முறை தலை எண்ண வேண்டும். புது ஆலைக்கு அரசின் தொழிற்பூங்கா நிறுவனமான சிப்காட் நிலம் ஒதுக்கும்போதே சாலை, தண்ணீர், துணை மின்நிலையம் எல்லாம் கோப்பில் ஏறிவிடுகின்றன. அந்தக் கோப்பின் ஒரு நகல் வட்டாரக் கல்வி அலுவலருக்கும் போனால், அடுத்த நவம்பரில் எந்தப் பள்ளியில் இடம் போட வேண்டும் என்று அவருக்கும் முன்கூட்டியே தெரியும்.