நாடா பிடித்து அளந்தால் போதுமா?

அமெரிக்கக் கால்பந்தில் பந்தைத் தூக்கிக்கொண்டு ஓடாமலே பேர் வாங்க வேண்டியவர் லைன்மேன். குவார்ட்டர்பேக் பந்தை எறியும்வரை எதிராளியை மறித்து நிற்பதுதான் அவர் வேலை. கல்லூரி முடித்த பையன்களை இண்டியானாபோலிஸுக்கு வரவழைத்து, நாடா பிடித்துக் கை நீளம் அளக்கிறார்கள்; 40 கெஜம் ஓடவிடுகிறார்கள். நாலைந்து கெஜத்துக்குள் மல்லுக்கட்டுகிறவருக்கு இந்த ஓட்டம் எதற்கு ஐயா?

1989-இல் டோனி மாண்டரிச்சின் உடம்பைப் பார்த்து மயங்கிய கிரீன் பே, பாரி சாண்டர்ஸை விட்டுவிட்டு அவரை இரண்டாவது ஆளாக எடுத்தது. நான்கே சீசனில் கைகழுவியது. கல்லூரியில் ஸ்டீராய்டு எடுத்ததைப் பின்னாளில் அவரே ஒப்புக்கொண்டார்.

2011-இல் ஜேசன் கெல்சி 191-வது ஆள். எடை சுமார் 280 பவுண்டு. இந்த வேலைக்குப் பற்றாதாம்! பிலடெல்பியாவுக்காக 13 சீசன் ஆடி, சூப்பர் பவுலும் வென்றார். அவர் வேகமாக ஓடியவர்தானே என்பீர்கள். சரி, அந்த ஓட்டத்தையாவது மதித்தார்களா?

ஆட்டப் படத்தைப் போட்டுப் பாருங்கள். முதல் மோதலில் தோற்ற பையன் காலை எங்கே வைக்கிறான்? இடுப்பைத் தாழ்த்துகிறானா? கடைசிக் கால் பகுதியில், மூச்சு வாங்கும்போதும் மறிக்கிறானா? அதைப் பார்த்து விலை பேசுங்கள்.