எண் இல்லாத பெயர்கள்

சகோதரிகளே, பத்திரிகையில் டென்னிஸ் பந்தயச் செய்தி வந்தால் அந்தப் பக்கத்தை ஆண்பிள்ளைகளுக்கென்று ஒதுக்கி விடாதீர்கள். கொஞ்சம் உங்கள் பக்கம் இழுத்துக் கொண்டு பாருங்கள். சில ஆட்டக்காரிகளின் பெயருக்குப் பக்கத்தில் 1, 4, 20 என்று ஓர் எண் போட்டிருக்கும். பலருடைய பெயருக்குப் பக்கத்தில் ஒன்றுமே இராது. இன்று நான் சொல்ல வந்தது அந்த எண் இல்லாதவர்களைப் பற்றித்தான்.

அந்த எண்ணுக்கு ‘ஸீட்’ என்று பெயர். விதை என்று பொருள். விதைகளையெல்லாம் ஒரே குழியில் கொட்டினால் ஒன்றையொன்று நெருக்கி விடும். பாத்தி முழுவதும் பரவலாகத் தூவ வேண்டும் அல்லவா? டென்னிஸிலும் அதையேதான் செய்கிறார்கள். விம்பிள்டன் போன்ற பெரும் பந்தயத்தில் ஒற்றையர் ஆட்டத்துக்கு 128 பெண்கள் வருகிறார்கள். அவர்களில் 32 பேரைப் பொறுக்கி எடுத்து, ஒருவருக்கொருவர் எட்ட எட்ட வைத்து விடுகிறார்கள். முதல் இரண்டு சுற்றுக்களில் அந்த 32 பேரில் ஒருவர் மற்றொருவரைச் சந்திக்கவே மாட்டார். முதல் எண்காரியும் இரண்டாம் எண்காரியும் மோத வேண்டுமானால் அது இறுதி ஆட்டத்தில்தான். மீதி 96 பேருக்கு இந்தச் சலுகை கிடையாது. குலுக்கலில் எப்படி விழுகிறதோ அப்படி. முதல் நாளே முதல் எண்காரிக்கு எதிரே போய் நிற்க நேரலாம். பட்டம் வேண்டுமானால் 7 ஆட்டங்களை வரிசையாக ஜெயித்தாக வேண்டும்.

அந்த 32 பேரை எப்படித் தேர்ந்தெடுக்கிறார்கள்? கடந்த 52 வாரங்களில் யார் எத்தனை புள்ளிகள் சம்பாதித்தார் என்று பார்த்துத்தான். கணக்கு நியாயமானதுதான். பெரும்பாலும் பட்டம் அந்த 32 பேரில் ஒருவருக்கே போகிறது. ஆனால் இந்தக் கணக்குக்கு ஒரு குறை உண்டு. ஒரு பெண் ஆடவில்லை என்பது அதற்குத் தெரியும்; ஏன் ஆடவில்லை என்பது தெரியாது.

பெல்ஜியம் தேசத்துக் கிம் கிளைஸ்டர்ஸின் கதையைக் கேளுங்கள். 2003-இல் உலகத்திலேயே முதல் ஸ்தானத்தில் இருந்தவர். 2005-இல் அமெரிக்கப் பட்டத்தை வென்றவர். 2007-இல் ஆட்டத்துக்கு முழுக்குப் போட்டுவிட்டுக் கலியாணம் செய்துகொண்டார். 2008-இல் ஒரு பெண் குழந்தை பிறந்தது. 2009-இல் மட்டையை மறுபடியும் கையில் எடுத்தார். அந்த வருஷம் அமெரிக்கப் பந்தயத்துக்குப் போனபோது அவருக்கு ஸீட் இல்லை. ஸீட் கிடக்கட்டும், உலக வரிசையிலேயே பெயர் இல்லை! பந்தயக்காரர்கள் தனிச் சலுகை அளித்து அழைத்ததால் ஆடினார். வீனஸ் வில்லியம்ஸைத் தோற்கடித்தார். பிறகு அவருடைய தங்கை செரீனாவைத் தோற்கடித்தார். இறுதி ஆட்டத்தில் காரோலின் வோஸ்னியாக்கியை 7-5, 6-3 என்று வென்றார். பரிசுக் கோப்பை வந்தபோது ஒன்றரை வயதுக் குழந்தை மைதானத்துக்குள் ஓடிவந்து அதைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தது. பெரும் பந்தயத்தில் ஒரு தாயார் ஒற்றையர் பட்டம் வென்றது 1980-இல் ஈவான் கூலகாங் விம்பிள்டனை வென்ற பிறகு அதுதான் முதல் தடவை. நடுவில் 29 வருஷங்கள்!

செக் தேசத்து மார்கெட்டா வொண்ட்ருசோவாவின் விஷயம் வேறு மாதிரி. 2019-இல் பிரெஞ்சுப் பந்தயத்தின் இறுதி ஆட்டம் வரை வந்தவர். இடது கைக்காரி; அந்த இடது மணிக்கட்டே இரண்டு முறை சத்திர சிகிச்சைக்கு உள்ளாயிற்று. 2022-இல் கையில் கட்டோடு இங்கிலாந்து வந்தார் - ஆட அல்ல; தோழி ஆடுவதைப் பார்க்கவும், லண்டனைச் சுற்றிப் பார்க்கவும்! மறு வருஷம் விம்பிள்டனில் 42-ஆம் ஸ்தானத்துடன் இறங்கினார். ஸீட் பெற்ற ஐந்து பேரை ஒவ்வொருவராகத் தோற்கடித்தார். கணவரோ பூனையைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லை என்று ஊரிலேயே இருந்தார்! இறுதி ஆட்டத்துக்குத்தான் பூனைக்கு ஒரு காவல் ஏற்பாடு செய்துவிட்டு வந்து சேர்ந்தார். ஒன்ஸ் ஜபேரை 6-4, 6-4 என்று வென்றார் வொண்ட்ருசோவா. விம்பிள்டனில் ஸீட் இல்லாத ஒரு பெண் ஒற்றையர் பட்டம் வென்றது அதுவே முதல் முறை.

அதே பந்தயத்தில் இன்னொரு விசேஷம். அரை இறுதியில் அவரை எதிர்த்து ஆடிய உக்ரேன் தேசத்து எலினா ஸ்விட்டோலினாவுக்கும் ஸீட் கிடையாது. கைக்குழந்தைக்காரி, குழந்தை பிறந்து வருஷம் கூட நிறையவில்லை. அவர்தான் அதற்கு முந்திய சுற்றில் முதல் எண்காரியான இகா ஸ்வியாடெக்கை வீட்டுக்கு அனுப்பியவர்!

அமெரிக்காவின் ஸ்லோன் ஸ்டீபன்ஸுக்கு 2017 ஜனவரியில் காலில் சத்திர சிகிச்சை. அந்தக் கோடையில் அவருடைய ஸ்தானம் 957 வரை இறங்கியது. செப்டம்பரில் அமெரிக்கப் பட்டம் அவர் கையில்!

எல்லோருமே திரும்பி வந்தவர்கள்தான் என்று சொல்ல மாட்டேன். 2021-இல் அமெரிக்கப் பந்தயத்தில் பட்டம் வென்ற எம்மா ராடுகானு அப்போதுதான் புறப்பட்ட பதினெட்டு வயதுப் பெண். 150-ஆம் ஸ்தானம். தகுதி ஆட்டம் 3, பிரதான ஆட்டம் 7, ஆக 10 ஆட்டங்களிலும் ஒரு ‘செட்’ கூடத் தோற்காமல் ஜெயித்தார். ஆனால் அடுத்த வருஷம் அதே பந்தயத்தில் முதல் சுற்றிலேயே தோற்றுவிட்டார். அதனால் பட்டியலை ஒரேயடியாக முட்டாள்தனம் என்று தள்ளிவிட முடியாது.

திருத்தலாம் அல்லவா? திருத்தத்தான் செய்தார்கள். செரீனாவுக்கு 2017-இல் குழந்தை பிறந்தது. 2018-இல் அவர் திரும்பி வந்தபோது பிரெஞ்சுப் பந்தயத்தில் ஸீட் கொடுக்கவில்லை. முன் வருஷம் உலகத்தில் முதல் ஸ்தானத்தில் இருந்தவருக்கு இந்தக் கதியா என்று பலரும் கேட்டார்கள். விம்பிள்டன்காரர்கள், உலக வரிசையில் 183-ஆவதாக இருந்தவருக்கு 25-ஆம் எண் கொடுத்தார்கள். தகுதி இல்லாமலா கொடுத்தார்கள்? இறுதி ஆட்டம் வரை வந்து காட்டினார். அதே வருஷம் அமெரிக்கப் பந்தயக்காரர்களும், பிள்ளைப்பேற்றுக்காக விலகியதைக் கணக்கில் எடுத்துக்கொண்டு அவரை 17-ஆம் எண்ணில் வைத்தார்கள். பெண்கள் டென்னிஸ் சங்கமும் தாய்மார்களுக்காக விதிகளை மாற்றியது. 2025-இல் பிரசவ விடுப்புக்கு 12 மாதம் வரை சம்பளம் என்றும் அறிவித்தது.

மைதானத்தில் இத்தனை வருஷம் கழித்து ஒப்புக்கொண்ட நியாயம் நம் வீடுகளில் இருக்கிறதா என்று யோசித்துப் பாருங்கள். குழந்தைக்காக உத்தியோகத்தை விட்டு நாலு வருஷம் கழித்துத் திரும்புகிறவளிடம், “நடுவில் என்ன செய்தாய்?” என்றுதான் முதலில் கேட்கிறார்கள். பாட்டை நிறுத்தியிருந்த மருமகள் மறுபடி தம்புராவைத் துடைத்து வைத்தால், “இனிமேலா?” என்று ஒரு குரல் வருகிறது. கை மறந்துவிட்டது என்று நாமே தீர்மானித்துவிட வேண்டாம். அவளும் ஒரு சுற்று ஆடிப் பார்க்கட்டும். குழந்தையை மட்டும் அந்த நேரத்துக்கு யாராவது வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். பூனைக்கே ஆள் கிடைக்கும்போது குழந்தைக்குக் கிடைக்காதா?